வந்துருமோ என்று போனவன்

புது ஊருக்குப் போனால் சிலர் முதலில் கோயில் எங்கே என்று கேட்பார்கள். சிலர் நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே என்று கேட்பார்கள். நான் மூத்திரம் போகிற இடம் எங்கே என்று கேட்கிறவன். (இந்தச் சொல்லுக்கே முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே இறங்கிக்கொள்வது நல்லது. கடைசி வரைக்கும் இதுதான்.)

இருபத்தொன்பது வயதில் என்னிடம் இருந்த ஒரே தனித்திறமை இதுதான். மும்பையின் ஹார்பர் ரயில் லைனில் எந்த ஸ்டேஷனில், எந்த பிளாட்பாரத்தில், எந்த முனையில் அது இருக்கிறது, எது திறந்திருக்கும், எது பூட்டிக் கிடக்கும், எதில் உள்ளே போனால் செருப்பைக் காப்பாற்ற முடியாது என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் எழுப்ப வேண்டிய அவசியமும் யாருக்கும் இருந்ததில்லை. ராத்திரிக்கு மூன்று தடவை நானே எழுந்துகொள்வேன்.

தாராவியில் எனக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, மக்கு, டப்பா, தண்ணீர் டிரம். ஊருக்கெல்லாம் வாளியும் மக்கும் விற்கிறவன் கடையில் கக்கூஸ் கிடையாது. நாலு கடை தள்ளி ஒரு கட்டணக் கழிப்பிடம் இருந்தது. ஒரு நாளைக்கு பன்னிரண்டு, பதின்மூன்று தடவை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அங்கே ஓடுவேன். வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி நேராக அங்கேயே வர ஆரம்பித்தார்கள். வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருக்கும் சாச்சாவிடம், சேட் உள்ளேயா என்று, "சேட் அந்தர் ஹை க்யா?" என்று கேட்பார்கள். ஒரு தடவை இருபது லிட்டர் டிரம்மின் விலையை நான் கதவுக்கு உள்ளே இருந்தே சொல்லியிருக்கிறேன்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. உடம்புச் சூடு என்றார்கள். வெந்தயம் ஊறப்போட்ட தண்ணீர், இளநீர், நீர்மோர் எல்லாம் ஆயிற்று. என் அக்கா சண்முகக்கனியின் புருஷன், தங்கதுரை அத்தான், தினமும் ஒரு சொம்பு பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மூத்திரம் அதிகமாகப் போகிறவனுக்கு மூத்திரம் அதிகமாகப் போவதற்கான மருந்தைக் கொடுத்த அந்தப் பெருமை அவரையே சேரும். அந்த வாரம் கடையை அடைத்துவிட்டு சாச்சாவுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பேச்சில் வந்து விழுந்தது. செம்பூரில் முதல் பெண் பார்க்கப் போனபோது அரை மணி நேரத்தில் இரண்டு தடவை எழுந்து போனேன். பெண்ணின் சித்தி "இந்த வயசுலயே சுகரா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவள் கேட்ட கேள்வி செம்பூரிலிருந்து தாராவிக்கு வந்து சேர்வதற்குள் பதிலாகிவிட்டது. தேவ்நாரில் பார்த்த இரண்டாவது இடத்தில் வீட்டுப் படி ஏறும்போதே பெண்ணின் அப்பா "தம்பி, காப்பிக்குச் சீனி போடலாமா?" என்று விசாரித்தார். நாங்கள் திரும்பி வருவதற்குள், எனக்கு ஒரு கிட்னி இல்லை என்று எங்கள் சந்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் எனக்குச் சுகர் கிடையாது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்து, ஒன்றுமில்லை என்று எழுதிய காகிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். ஆனால் எங்கேயும் காட்டவில்லை. "கேக்கதுக்கு முன்னால நாமளா எடுத்துக் காட்டுனா, இவ்வளவு நாளும் இருந்திருக்கும் போலன்னு நெனப்பாவ" என்பது அவள் வாதம். அப்படியானால் எதற்கு என் கையில் ஊசி குத்தினார்கள் என்று கேட்டேன். "நமக்குத் தெரியாண்டாமால?" என்றாள். தம்பி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது இடம் நெருளில். பெண் பெயர் சுகந்தி. வாஷியில் ஒரு டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னார்கள். என்ன டாக்டர் என்று நாங்கள் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் நான் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்.) அப்பா அருணாசலம், ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள், தெரிந்த குடும்பம். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் தாராவியிலிருந்து பன்வேல் வரைக்கும் எனக்குப் பெண் கொடுக்க ஆள் இருக்காது என்று அக்கா கணக்குச் சொன்னாள். பிறகு உத்தரவு போட்டாள்.

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் எந்திரிக்காம இருந்துருல. வேற ஒண்ணும் ஒங்கிட்ட கேக்கல நான். பேச வேண்டாம். சிரிக்க வேண்டாம். நாற்காலியில கெட. போதும்."

நான் பெரிய திட்டம் போட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்? முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தாகத்துக்கு டீ மட்டும் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் நாலு டீ ஆகியிருந்தது. (டீ தண்ணீரில் சேர்த்தி இல்லை என்று நினைத்தவன் நான். இவன்தான் சொந்தமாக வியாபாரம் செய்தான்.)

கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை போனேன். தெருமுனையில் சாச்சாவிடம் ஒரு தடவை. ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் ரயிலில் ஏறப்போகிறோம், ரயிலில் அந்த வசதி கிடையாது, அதனால் இருக்கட்டும் என்று போய் வைத்தேன். வங்கியில் பணம் போட்டு வைக்கிற மாதிரி இதையும் முன்கூட்டியே போய் வைக்கலாம் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

மான்குர்த் வரைக்கும் சமாளித்துவிட்டேன். மான்குர்த்துக்கும் வாஷிக்கும் நடுவில் கழிமுகப் பாலம். அந்த லைனில் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஸ்டேஷனே வராது. இரண்டு பக்கமும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். ரயிலைக் குறை சொல்ல மாட்டேன், அது நேரத்துக்குத்தான் ஓடியது. நான்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு மராத்திக்காரர் நான் கும்பிடுவதாக நினைத்து அவரும் கழிமுகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

வாஷியில் குதித்தேன். பின்னாலேயே அக்கா குதித்தாள். அவள் பின்னால் பழப்பையோடு அத்தான். அடுத்த வண்டியில் நெருள் போகிற வரைக்கும் அக்கா என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "உனக்குப் பொண்ணு பாக்கதுக்குப் பதிலா ஒரு ஸ்டேஷனை மொத்தமா வெலைக்குப் பேசியிருக்கலாம்" என்றாள்.

அருணாசலம் வீடு நாலாவது மாடியில். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை. ஹாலில் எனக்கென்று நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். என் கடையில் விற்கிற அதே ரகம், கால் சீக்கிரம் விரியும். கையில் கேசரித் தட்டைக் கொடுத்தார்கள். சுகந்தி சமையலறையில் இருக்கிறாள் என்பது திரைக்குப் பின்னால் கேட்ட பாத்திரச் சத்தத்தில் தெரிந்தது. காப்பித் தட்டோடு அவள் வெளியே வரும்போதுதான் நான் பார்க்க வேண்டும். அதுதான் முறை. அதற்கு முன்னால் பார்ப்பது அநாகரிகம்.

கேசரியில் இரண்டு வாய் போயிருக்கும். வந்துவிட்டது. அல்லது வந்துவிட்ட மாதிரி இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். அருணாசலம் நெருள் கோயில் கும்பாபிஷேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அபிஷேகத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் எங்கெங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு குடமாகச் சொல்ல ஆரம்பித்தபோது நான் எழுந்துவிட்டேன்.

"பாத்ரூம் எங்கன இருக்கு, மாமா?"

அருணாசலம் கும்பாபிஷேகத்தைப் பாதியில் விட்டார். "அந்தால, கிச்சனைத் தாண்டி" என்று கையைக் காட்டினார்.

திரையை விலக்கினேன். அங்கே சுகந்தி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் கைத்துண்டோடு, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு, பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கிற சடங்கு அந்த இடத்தில் அந்த விநாடியில் முடிந்துபோயிற்று. இரண்டு பேரும் பஜ்ஜியைப் பார்த்தோம்.

"சுவிட்ச் வெளியில இருக்கு" என்றாள் அவள். "இருங்க, சொசைட்டில இன்னைக்கு டேங்க் கழுவுறாங்க. பைப்புல தண்ணி வராது." சொல்லிவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் இருந்த டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்தாள். இருபது வருஷமாக வாளி விற்கிற குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு பெண் முதன்முதலாகத் தன் கையால் கொடுத்த பொருள் அது.

உள்ளே போய் நின்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு விநாடி. மரியாதைக்காக முழு வாளியையும் ஊற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த கால் மணி நேரத்துக்குள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவது தடவை எழுந்தேன். இந்தத் தடவை நான் கேட்காமலே சுகந்தி வாளியை நிரப்பினாள். "ஃபிர் ஸே? மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் சிரிக்க முயற்சி செய்தேன். கேசரியில் இருந்த முந்திரி பல்லில் ஒட்டியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவை நான் திரையை விலக்கியபோது அவள் வாளியைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் சீட்டு எழுதுகிறவர்கள் பார்க்கிற பார்வை.

"ஒண்ணு கேக்கட்டா? தப்பா நினைக்காதீங்க. இப்ப வந்திருக்கா, இல்ல வந்துருமோன்னு போறீங்களா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சுகரா என்று கேட்டிருக்கிறார்கள், சூடா என்று கேட்டிருக்கிறார்கள், உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நின்று யோசித்தேன்.

"தெரியலைங்க" என்றேன். "வந்துருமோன்னுதான் நெனக்கேன்."

பிறகு என்ன ஆயிற்றோ, நிறுத்தாமல் பேசினேன். நான் வளர்ந்தது சாலில், வரிசை வீடுகளில், மொத்தச் சனத்துக்கும் ஆறு கக்கூஸ் கதவுதான். காலையில் வரிசை சந்து முனை வரைக்கும் நிற்கும். வந்தபிறகு போய் நின்றால் கதை முடிந்துவிடும். அதனால் வருவதற்கு முன்னாலேயே போய் நின்றுவிட வேண்டும். கதவு கிட்ட வரும்போது சரியாக வந்துவிடும். எங்கள் சாலில் விவரமான பிள்ளைக்கு அடையாளம் அதுதான். நான் அதில் மிக விவரமானவன். கடைக்கு வந்தபிறகும் அப்படித்தான், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் வைத்துக்கொள்வேன். இப்போது வரிசையும் இல்லை, கூட்டமும் இல்லை, ஆனால் பழக்கம் மட்டும் முன்னாலேயே போய் நிற்கிறது. இதையெல்லாம் ஒரு பெண்ணிடம், அவளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், பஜ்ஜி கருகுகிற வாசனையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அவள்மேல் வந்த மரியாதை இன்றைக்கு வரைக்கும் குறையவில்லை.

"அதான் நினைச்சேன்" என்றாள். "சத்தம் ரெண்டு செகண்டுதான் கேக்குது. டிரம் தண்ணிதான் ஜாஸ்தி போகுது."

(மரியாதை குறையவில்லை என்று சொன்னேன். மானம் குறையவில்லை என்று சொல்லவில்லை.)

இதற்கிடையில் ஹாலில் அத்தான், நான் எழுந்து போனதை மறக்கடிப்பதற்காக, "எல்லாரும் இப்பிடிப் பாருங்க" என்று தன்னுடைய புது போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர் இல்லை என்பது கிளிக் ஆன பிறகுதான் அருணாசலத்துக்கு உறைத்திருக்கிறது. அவர் எழுந்து வந்து திரையை விலக்கினார். கையில் வாளியோடு அவருடைய மகள். எதிரே நான்.

"மாப்ள, கொஞ்சம் இங்கிட்டு வாரியளா?" என்றார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. போலீஸ்காரர்கள் முதலில் கூப்பிடுகிற மென்மை.

ஹாலுக்கு வந்ததும் வளைத்துப் பேசவில்லை. "எத்தன வருசமா சுகரு?" என்றார்.

அக்கா அந்த வினாடிக்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தாள். கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடிப்பில் அது நாலு துண்டாகிவிட்டிருந்தது. அருணாசலம் துண்டுகளை டீப்பாயில் சேர்த்து வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

"இது மூணு மாசத்துக்கு முந்தினதுல்லா" என்றார். "சுகரு நேத்து ராத்திரிகூட வந்திருக்கும்மா. எனக்கே பத்து வருசமா இருக்கு. எங்கிட்டயே மெசின் இருக்கு."

பெண் பார்க்கப் போன வீட்டில், நடு ஹாலில், நீல நாற்காலியில் உட்கார்ந்து, வருங்கால மாமனாரிடம் விரலை நீட்டி ஊசி குத்திக்கொண்ட மாப்பிள்ளை நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அத்தான் அதையும் போட்டோ எடுக்கப் போனார், அக்கா போனைப் பிடுங்கினாள். எல்லாரும் அந்த மெசினின் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கல்யாணம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. நூற்றிப் பதினெட்டு வந்தது. கேசரி தின்ற பிறகு நூற்றிப் பதினெட்டு. அருணாசலம் நம்பாமல் அடுத்த விரலில் இன்னொரு தடவை குத்தினார். நூற்றிப் பதினாறு.

"சுகரு இல்ல" என்றார். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "அப்பம் வேற என்ன?"

சுகர் என்று இருந்திருந்தாலாவது பெயர் ஒன்று இருந்திருக்கும். பெயரே இல்லாத வியாதிக்காரனாக, இரண்டு விரலிலும் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பழப்பையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கிளம்பப் போகிறோம் என்று அர்த்தம்.

அப்போதுதான் சுகந்தி காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். இரண்டு காதிலும் ஜிமிக்கி இருந்தது. அவளைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குக் கொடுத்தாள், அத்தானுக்குக் கொடுத்தாள். எனக்கு முன்னால் வந்ததும் காப்பியைத் தாண்டி ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

"இவருக்குக் காப்பி வேண்டாம். காலைலேர்ந்து தண்ணியே குடிச்சிருக்க மாட்டார். உதடு காஞ்சிருக்கு. தண்ணி குடிக்காம டீயா குடிச்சா இன்னும் ஜாஸ்திதான் வரும். எங்க டாக்டர் கிட்ட டெய்லி பத்து பேர் இப்பிடி வர்றாங்க."

"என்ன டாக்டரு?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்குத்தான்" என்றாள் சுகந்தி. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஊரில் இருக்கிற அத்தனை பெண்களையும் விட்டுவிட்டு, மூத்திர டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் போய் ஒரு மணி நேரம் மறைக்கப் பார்த்திருக்கிறேன். அருணாசலம் "நீ சும்மா இரு பிள்ள" என்று அதட்டிப் பார்த்தார். அவள் சும்மா இருக்கவில்லை. "அப்பா, ஏக் மினிட்" என்று சொல்லிவிட்டு என்னிடம் நிபந்தனையைச் சொன்னாள். மூன்று நாள் ஒரு நோட்டில் எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனது, என்ன குடித்தேன், உண்மையிலேயே வந்ததா. எழுதி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வர வேண்டும். "அப்புறம் மத்தது பேசலாம்."

வரும் வழியில் அக்கா பாலம் முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டாளா, வேணும்னு சொல்லிட்டாளா, எனக்கு வெளங்கல" என்றாள். எனக்கு விளங்கியது. அன்று பாலம் தாண்டியதும் வருகிற மான்குர்த்தில் நான் இறங்கவில்லை.

அளப்பதற்கு மட்டும் நான் தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. கடையில் கோடு போட்ட அளவு ஜாடி இருந்தது. சுத்தமாக மூன்று நாள் எழுதினேன். காலை ஆறு, 180 மில்லி. ஏழேகால், 90. எட்டு, 60. நோட்டைக் கல்லாவில் விட்டிருந்தேன். கடைக்கு வந்த அத்தான் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காலைலயே நூத்தியெம்பது, முழு குவாட்டரு போடுதியா முத்து? சொல்லவே இல்லியே" என்றார். குரலில் கண்டிப்பைவிட ஏக்கம்தான் அதிகம் இருந்தது.

வாஷியில் அந்த டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்தார், வயிற்றை ஸ்கேன் எடுத்தார், நோட்டை மூன்று தடவை படித்தார். வியாதி ஒன்றுமில்லை என்றார். மூத்திரப் பை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு நான் கெட்ட பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அரைகுறையாக நிறைந்ததுமே ஓடி ஓடிக் காலி செய்ததில் அதற்கு நிறைவது என்றால் என்ன என்றே மறந்துவிட்டது. தண்ணீர் குடிக்காததால் மூத்திரம் கெட்டிப்பட்டுப் பையை இன்னும் உறுத்துகிறது. அதற்கு மேல் டீ. எரிச்சலோ, காய்ச்சலோ, ரத்தமோ கண்டால் அது வேறு கதை, உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அதெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது விவரம்.

ஒரு நாளைக்கு ஒன்பது என்று நோட்டில் இருந்த டீயை இரண்டாக்கச் சொன்னார். தண்ணீரைப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளச் சொன்னார். வந்த மாதிரி இருந்தால் ஓடக்கூடாது. உட்கார்ந்து, அடிப்பக்கத்தை நாலைந்து தடவை இறுக்கி விட்டு, பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு கால் மணி நேரம். வாரத்துக்கு வாரம் கூட்ட வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. முதல் நாள் அந்தப் பத்து நிமிஷத்தில் நான் ஒரு வாளியை மூன்று வாடிக்கையாளர்களுக்கு விற்கப் பார்த்தேன். ஒரு அம்மாளிடம் டப்பாவுக்கு மூடி இல்லை என்று சத்தம் போட்டேன், மூடி என் கையிலேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, சாச்சா தன் இடத்தை விட்டு எழுந்து என் கடைக்கே வந்துவிட்டார். "சேட், தபியத் டீக் ஹை நா? ஆதே நஹி ஆஜ்கல்" என்றார். உடம்பு சரிதானே, இப்போதெல்லாம் வருவதே இல்லையே என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவருக்கு ஒரு டீ சொன்னேன், எனக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.

இரண்டு மாதத்தில் பதின்மூன்று, ஏழாக ஆயிற்று. ராத்திரி ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்லை. நோட்டை வாரா வாரம் சுகந்தி டாக்டரின் வரவேற்பு ஜன்னலில் வாங்கிப் பார்ப்பாள். மற்றவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் என்னென்னவோ எழுதிக் கொடுப்பார்கள். நான் எழுதியது இவ்வளவுதான். 350 என்று ஒரு நாள் எழுதியிருந்ததற்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தேன்.

கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்தில் ஒன்றரை மணி நேரம் மணையில் உட்கார வேண்டும். என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் தாலியைப் பார்க்க வரவில்லை, நான் எப்போது எழுந்திருப்பேன் என்று பார்க்க வந்திருந்தார்கள். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது கொஞ்சம் நெளிந்தேன். பக்கத்தில் தலை குனிந்திருந்த சுகந்தி உதடு அசையாமல் கேட்டாள்.

"வந்திருக்கா?"

"வந்துருமோன்னுதான்."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இது வீட்டில் எல்லாவற்றுக்கும் கேள்வியாகிவிட்டது. மார்ச் மாதமே குடை வாங்கினால் என் மகள் "வந்திருக்கா, வந்துருமோன்னா?" என்பாள். நான் காய்ச்சல் என்று படுத்தாலும் இதே கேள்விதான். அத்தான் எடுத்த அந்த போட்டோவை மாமனார் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நெருள் வீட்டு ஹாலில் மாட்டியிருந்தார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நடுவில் நீல நாற்காலி, அதன்மேல் கேசரித் தட்டு. வருகிறவர்கள் இந்த நாற்காலி யாருக்கு என்று கேட்டால், "நம்ம மாப்ளதான். உள்ள போயிருக்காவ, இப்பம் வந்துருவாவ" என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அலுக்கவில்லை அவருக்கு.

அதனால் இந்த வருஷம் அவர் அடிக்கடி எழுந்து போக ஆரம்பித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பொங்கலுக்கு எல்லாரும் அங்கே கூடியிருந்தோம். ஒரு மணி நேரத்தில் மூன்றாவது தடவை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பதினைந்து வருஷம் காத்திருந்த நான் சத்தமாகக் கேட்டேன்.

"என்ன மாமா, வந்திருக்கா, வந்துருமோன்னா?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தபடிதான் போனார். அந்த நேரத்தில் மகள் மாமனாரின் நாற்காலியைச் சுற்றி எல்லாரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தாள். மாமனார் வரவில்லை. வெகுநேரமாகியும் வரவில்லை. நான் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"வந்திருக்கு மாப்ள. ஆனா போய் நின்னா வர மாட்டேங்கு. சொட்டுச் சொட்டா நிக்கி. ராத்திரி அஞ்சு தடவ எந்திரிக்கேன். சுகந்திகிட்டச் சொல்லிராதிய."

எனக்கு வெட்கமாக இருந்தது. உலகத்திலேயே இந்தக் கேள்வியின் அருமை தெரிந்தவன் நான். அதைக் கேட்கிற முறையில் கேட்காமல் கிண்டலுக்குக் கேட்டிருக்கிறேன். வருஷக்கணக்காக மற்றவர்கள் என்னை என்ன செய்தார்களோ அதையேதான் நான் அவருக்குச் செய்தேன்.

சுகந்தியிடம் சொன்னேன். அடுத்த நாளே அவரை வாஷிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வயசானால் வீங்குகிற சுரப்பி, அது குழாயை நெருக்குகிறது, கெட்டது ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். என் கடையிலிருந்து கோடு போட்ட அளவு ஜாடி ஒன்றைப் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் காகிதத்தில் சுற்றி, பையில் ஒளித்துவைத்துக்கொண்டு போனார். இப்போது ராத்திரிக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். பழையபடி என்னைக் கிண்டல் செய்கிற தெம்பும் வந்துவிட்டது.

பொங்கல் போட்டோவையும் சுகந்தி சட்டம் போட்டுப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அதிலும் எல்லாரும் சிரிக்கிறோம், அதிலும் நடுவில் ஒரு நாற்காலி காலி. போன மாதம் நெருளுக்கு விருந்துக்கு வந்திருந்த ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது என்ன இரண்டிலும் ஆளில்லாத நாற்காலி என்று கேட்டார். நானும் மாமனாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சுகந்தி காப்பியை நீட்டிக்கொண்டே, முதலில் பொங்கல் படத்தையும் பிறகு பழைய படத்தையும் காட்டிச் சொன்னாள். "இதுல இருக்க வேண்டியவர் வந்துருச்சுன்னு போனவர். அதுல இருக்க வேண்டியவர் வந்துருமோன்னு போனவர்."